‘ஹிச்ஹைக்கர்ஸ் கைட்’ எனக்கு ஏன் பெரிதாக ஒட்டவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த முறை எடுத்தது ஒரு விஞ்ஞானப் பகிடி நாவல். கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடிக் கதைத்தோம். எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். என் முறை வந்தபோது, “பரவாயில்லை, அவ்வளவுதான்” என்றேன். அன்றிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய்விட்டது, அதனால் இங்கே ஒன்றாக எழுதிவிடுகிறேன். கதையை முடிவு வரை சொல்லியிருக்கிறேன். வாசிக்காதவர்கள் கவனம்.

எந்தப் புத்தகம்? கதை என்ன?

டக்ளஸ் அடம்ஸ் எழுதிய ‘த ஹிச்ஹைக்கர்ஸ் கைட் டு த கலக்சி’. நீங்கள் நினைக்கிற டக்ளஸ் இல்லை. இவர் 1952 இல் கேம்பிரிட்ஜில் பிறந்து, 2001 இல் 49 வயதில் காலமான ஆங்கிலேயர். நாவல் 1979 ஒக்டோபரில் வந்தது. இருநூறு பக்கமளவில் சின்னப் புத்தகம்தான். வந்து மூன்று மாதத்துக்குள் இரண்டரை இலட்சம் பிரதி போனது.

ஆர்தர் டென்ட் என்றொரு சாதாரண மனிதர். வியாழக்கிழமை காலையில் எழும்பிப் பார்த்தால் வீட்டுக்கு முன்னால் புல்டோசர் நிற்கிறது. அந்த வழியால் புதிய வீதி போடப்போகிறார்களாம். மனிதர் போய் புல்டோசருக்கு முன்னால் சேற்றில் படுத்துக்கொள்கிறார். அப்போது அவருடைய சிநேகிதர் ஃபோர்ட் பிரிஃபெக்ட் வந்து, வீட்டை விடு, பூமியே இன்னும் கொஞ்ச நேரத்தில் போகப்போகிறது என்று சொல்லித் தவறணைக்கு இழுத்துக்கொண்டு போகிறார். ஃபோர்ட் வேற்றுக் கிரகத்து ஆள். அவர் சொன்னபடியே வோகன்கள் என்ற விண்வெளி உத்தியோகத்தர் கூட்டம் வந்து, தங்கள் விண்வெளி நெடுஞ்சாலைக்கு இடைஞ்சல் என்று பூமியை இடித்துத் தள்ளிவிடுகிறது. இவர்கள் இரண்டு பேரும் அந்த வோகன் கப்பலிலேயே ஓசியில் ஏறித் தப்புகிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு தலையும் மூன்று கையும் உள்ள ஒரு முன்னாள் சனாதிபதி, வாழ்க்கை வெறுத்துப்போன ஒரு ரோபோ, காசுக்குக் கிரகம் செய்து கொடுக்கிற ஒரு கிரகம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

பிடிக்கவே இல்லையா?

அப்படிச் சொல்லவில்லை. முதல் முப்பது பக்கமும் வாய்விட்டுச் சிரித்தேன். நடுவிலும் இரண்டு மூன்று இடத்தில் சிரித்தேன். கடைசிப் பக்கத்தில், “சரி, அப்புறம்?” என்று திருப்பிப் பார்த்தேன், அங்கே பின்னட்டைதான் இருந்தது.

“ரீச்சர், பகிடி உங்களுக்கு விளங்கேல்லையோ?”

விளங்கியது தம்பி. விளங்குவது வேறு, ஒட்டுவது வேறு.

அப்படியென்றால் என்னதான் குறை?

இது முதலில் நாவலே இல்லை என்பதிலிருந்து தொடங்கவேண்டும். 1978 மார்ச் 8 இரவு பிபிசி வானொலியின் நான்காவது அலைவரிசையில் நாடகமாகத் தொடங்கியது. அரைமணி நேரம் வீதம் வாரம் ஒன்று, முதல் தொடரில் ஆறு பகுதி. அடம்ஸ் ஒரு பகுதியை எழுதும்போது அடுத்த பகுதியில் என்ன நடக்கும் என்று அவருக்கே பெரும்பாலும் தெரியாது. ஒவ்வொரு பகுதியும் கேட்கிற ஆளைச் சிரிக்கவைத்து, முடிவில் ஓர் ஆபத்தில் தொங்கவிடவேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த வேலையை அவர் அபாரமாகச் செய்திருக்கிறார்.

நாவல் அந்த ஆறில் முதல் நான்கு பகுதியின் கதை. பதிப்பாளர் கொடுத்த கெடு தாண்டித் தாண்டிப் போனபோது, எழுதிக்கொண்டிருக்கிற பக்கத்தை முடித்துவிட்டு இருக்கிறதை அனுப்பு என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்களாம். இது அடம்ஸே பகிடியாகச் சொல்லித் திரிந்த கதை. புத்தகத்தை வாசித்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. இரண்டு பொலிஸ்காரர் இவர்களைச் சுட வருகிறார்கள். சலித்துப்போன ரோபோ மார்வின் அந்தப் பொலிஸ்காரர்களின் கப்பலோடு தன் வாழ்க்கை நோக்கைக் கதைக்க, அந்தக் கப்பல் கேட்டுத் தாங்காமல் தற்கொலை செய்துகொள்கிறது. கப்பலில் தங்கியிருந்த சுவாசக் கருவி நின்று பொலிஸ்காரரும் செத்துப்போகிறார்கள். சாப்பிடப் போவோம் என்று எல்லாரும் கிளம்புகிறார்கள். முற்றும். வானொலியில் அடுத்த கிழமை மிச்சம் வரும். புத்தகத்தில் வராது, அடுத்த புத்தகம் வாங்கவேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. இலங்கை வானொலியில் ‘கோமாளிகள் கும்மாளம்’ போனபோது மரிக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் ஐயரும் ஆளுக்கொரு தமிழில் கதைக்க, சனம் வானொலிப் பெட்டியைச் சுற்றி இருந்து சிரித்தது. 1976 இல் அதைப் படமாக எடுத்தார்கள். படத்தைப் பார்த்த எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் நாடகத்தைப் பற்றித்தான் கதைப்பார்கள். மரிக்காராக நடித்த ராம்தாசின் குரலில் இருந்த சுவை அந்தக் குரலோடு போனது. அடம்ஸின் நாவலிலும் இதே சங்கடம் இருக்கிறது. கதைக்குள் விண்வெளியில் ஓசியில் திரிகிறவர்களுக்கென்று ஒரு கையேடு வரும், புத்தகத்தின் பெயரே அதுதான். வானொலியில் அந்தக் ‘கையேடு’ கதைக்கும்போது பீற்றர் ஜோன்ஸ் என்ற நடிகரின் குரல் வரும். உலகம் அழிகிற நேரத்திலும் கடிதம் வாசிக்கிற தபால்காரர் கணக்காக அவசரமில்லாத குரல். பகிடியில் பாதி அந்தக் குரல்தான். அச்சில் அது வசனமாக மட்டும் நிற்கிறது.

அந்த ‘நடவாததை நடத்தும் இயந்திரம்’ பற்றி ஏதோ எரிந்து விழுந்தீர்களே?

ஓம். வோகன்கள் ஆர்தரையும் ஃபோர்டையும் வெளியே வெறும் விண்வெளியில் தள்ளிவிடுகிறார்கள். முப்பது செக்கனில் மூச்சுப் போய்விடும். இருபத்தொன்பதாவது செக்கனில் ஒரு கப்பல் வந்து தூக்கிக்கொள்கிறது. எப்படி என்றால், அந்தக் கப்பல் நடக்கவே முடியாத காரியங்களை நடக்கவைக்கும் இயந்திரத்தில் ஓடுகிறது. அந்தத் தப்புதலுக்கு எதிரான வாய்ப்பு 2 இன் 276,709 ஆம் அடுக்குக்கு ஒன்று என்று கணக்கும் சொல்கிறார். அதே இலக்கம்தான் ஆர்தர் முன்பு ஒருமுறை கொண்டாட்டத்துக்குப் போன லண்டன் வீட்டின் தொலைபேசி இலக்கம்.

நல்ல பகிடி. ஆனால் அந்த இடத்தோடு கதை செத்துவிட்டது. இனி என்ன ஆபத்து வந்தால் என்ன, ஏதோ ஒன்று எங்கிருந்தோ வந்து காப்பாற்றும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு இரண்டு ஏவுகணை துரத்துகிறது. இயந்திரத்தின் பொத்தானை அமத்துகிறார்கள். ஒன்று திமிங்கிலமாகவும் மற்றது ஒரு சாடி பூவாகவும் மாறி விழுகின்றன. அந்தத் திமிங்கிலம் கீழே விழுந்துகொண்டே, நான் யார், இது என்ன காற்று, அந்த வட்டமான பெரிய சாமான் என்னோடு சிநேகமாக இருக்குமா என்று யோசிக்கிற பக்கம் அருமை. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாலு மனிதரின் உயிர் போகப்போகிற கட்டத்தில் எனக்குத் திமிங்கிலத்தின் மேல்தான் இரக்கம் வந்தது. ஆர்தர் மேலே வரவில்லை.

42 பகிடிக்குமா சிரிக்கவில்லை?

இல்லை. ஆனால் அதற்குப் புத்தகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. வாழ்க்கை, பிரபஞ்சம் எல்லாவற்றுக்குமான விடையைக் கேட்டு ‘டீப் தோட்’ என்ற கொம்பியூட்டரிடம் போகிறார்கள். அது எழுபத்தைந்து இலட்சம் வருடம் யோசித்துவிட்டு “நாற்பத்திரண்டு” என்கிறது. கேள்வி என்னவென்று யாருக்கும் தெரியாது என்பதுதான் சங்கதி. இதை நான் புத்தகத்தில் வாசிப்பதற்கு முன்பே கம்பஸ் பொடியன்களின் ரீசேட்டில் கண்டிருக்கிறேன். புரோகிராமிங் பழகுகிற பிள்ளைகள் எழுதும் முதல் உதாரணத்திலும் அந்த இலக்கம்தான். 2018 பெப்ரவரியில் விண்வெளிக்கு ஏவிய அந்த டெஸ்லா காரின் முன்பலகையில் ‘பதற வேண்டாம்’ என்று இந்தப் புத்தகத்தின் வாசகத்தைப் போட்டிருந்தார்கள். 1997 இல் வந்த ஒரு மொழிபெயர்ப்பு இணையத்தளத்துக்கு, காதுக்குள் விட்டால் எந்தப் பாஷையும் விளங்கும் என்று அடம்ஸ் எழுதிய மீனின் பெயரையே வைத்தார்கள். சதுரங்கம் ஆடிய ஒரு கொம்பியூட்டருக்கு ‘டீப் தோட்’ என்றே பெயர். மே 25 ஆம் திகதி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிற நாள் என்று உலகம் முழுக்கக் கொண்டாடுகிறார்கள். விண்வெளியில் திரிகிறவனுக்குத் துவாய்தான் முக்கியமான சாமான் என்று கையேட்டில் இருக்கிறது, அதுதான் காரணம்.

இத்தனை இடத்தில் கேட்டுவிட்டுப் புத்தகத்துக்கு வந்தால், அங்கே என்ன புதினம் மிச்சம்? 1979 இல் லண்டனில் அதை முதன்முதலாகப் படித்தவருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்க வழியில்லை.

வீடு இடிக்கிறதைப் பகிடியாக எழுதியதுதான் உங்களை உறுத்தியதா? நாங்கள் பட்ட பாட்டுக்கு...

இந்தக் கேள்வியைத்தான் கூடக் கேட்கிறார்கள். கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நேரே சொல்கிறேன், இல்லை. அந்தப் பகுதிதான் புத்தகத்திலேயே எனக்கு மெத்தப் பிடித்தது.

இடிக்க வந்த உத்தியோகத்தர் சொல்கிறார், வரைபடம் ஒன்பது மாதமாகக் கந்தோரில் பார்வைக்கு இருந்ததாம். ஆர்தர் போய்ப் பார்த்த கதையைச் சொல்கிறார். நிலக்கீழ் அறைக்கு ரோர்ச் அடித்துக்கொண்டு இறங்கவேண்டும். லைட் இல்லை. படியும் இல்லை. பாவிக்காத கக்கூஸ் ஒன்றுக்குள், பூட்டுப்போட்ட அலுமாரியில், அடி லாச்சியில் இருந்ததாம். கக்கூஸ் கதவில் ‘சிறுத்தை கவனம்’ என்று எழுதியிருந்ததாம். கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஃபைலோடு அலைந்த யாராவது இதை வாசித்துச் சிரிக்காமல் இருக்கமுடியுமா? பிறகு வோகன்களும் அதையேதான் சொல்கிறார்கள்: பூமியை இடிக்கும் திட்டம் அல்பா சென்டோரியில் ஐம்பது வருடமாகப் பார்வைக்கு இருந்தது, நாலு ஒளியாண்டு தூரம்தானே, போய்ப் பார்க்காதது உங்கள் பிழை.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். 1990 இல் அந்த ஊர்களிலிருந்து எழும்பிய சனம் கொஞ்ச மைலுக்கு அப்பால் நலன்புரி முகாம்களில் இருந்தது. தங்கள் காணியைப் போய்ப் பார்க்க முடியாத சனத்துக்கு அந்த அறிவித்தல். 2015 இலிருந்து துண்டு துண்டாக விடுவிக்கத் தொடங்கினார்கள், இன்னும் விடாத இடம் இருக்கிறது. அல்பா சென்டோரி எங்கே இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால்தான் இந்தப் பகிடி இங்கே கூட எடுபடும் என்கிறேன். போர் பார்த்த சனத்துக்குச் சிரிக்கத் தெரியாது என்று நினைக்கிறவர்கள் இங்கே பதுங்குகுழிக்குள் இருந்து விட்ட பகிடிகளைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

என் குறை அதற்குப் பிறகு வருவது. பூமி போனபிறகு, வோகன் கப்பலின் இருட்டறையில் ஆர்தர் அதை நினைத்துப் பார்க்க முயற்சி செய்கிறார். தாய் தகப்பனை நினைக்கிறார், மனதில் ஒன்றும் அசையவில்லை. பிறகு இரண்டு நாளுக்கு முன் கடையில் வரிசையில் தனக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் நினைவுக்கு வருகிறார், அப்போது சுரீர் என்கிறது. நியூயோர்க் போய்விட்டது என்று நினைக்கிறார், ஒன்றும் இல்லை. கடைசியில், இனி மக்டொனால்ட்ஸ் ஹம்பேர்கர் என்று ஒன்று எங்கேயும் இல்லை என்று நினைக்கிறார். மயங்கி விழுந்துவிடுகிறார்.

ஒரு சின்னப் பந்தி. ஆனால் அதை எழுதியவருக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்ததைக் கேட்டால் எங்கள் பெரியம்மா வீட்டைப் பற்றிச் சொல்லமாட்டா. கூரையில் காயப்போட்ட வடகத்தை எடுக்காமல் வந்ததைத்தான் சொல்லுவா. மாட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டேனோ இல்லையோ என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே நடந்ததைச் சொல்லுவா. பெரிய இழப்பு மண்டைக்குள் போகாது, வடகம் போகும். அடம்ஸ் அதைப் பகிடி எழுதப்போன இடத்தில் பிடித்துவிட்டார்.

பிடித்துவிட்டு அடுத்த பக்கத்திலேயே விட்டுவிடுகிறார். அதற்குப் பிறகு ஆர்தர் தேத்தண்ணி எங்கே என்று கேட்டுக்கொண்டு மிச்சப் புத்தகத்தைக் கடத்துகிறார். இவ்வளவு தெரிந்த ஒருவர் அதற்கு மேல் எழுதவில்லையே என்பதுதான் என் ஏமாற்றம். தெரியாத ஒருவர் எழுதியிருந்தால் இவ்வளவு பேசவே மாட்டேன்.

“பகிடிப் புத்தகத்தில் போய் சோகம் தேடுறீங்களே அக்கா?”

தேடவில்லை. அவர்தான் கொண்டுவந்து காட்டினார்.

ஃபோர்ட் பிரிஃபெக்ட் என்ற பெயரில் என்ன சிரிப்பு?

அது ஒரு காரின் பெயர். இங்கிலாந்தில் ஃபோர்ட் கம்பனி 1938 இலிருந்து 1961 வரை செய்த மொடல். வேற்றுக் கிரகத்து ஆள் பூமிக்கு வருமுன் அரைகுறையாக விசாரித்து, ஒருவரின் கண்ணிலும் படாத சாதாரணப் பெயர் என்று இதை வைத்துக்கொண்டாராம். அமெரிக்க வாசகர்களில் பலருக்கு இது விளங்கவே இல்லை, அங்கே அந்தக் கார் அவ்வளவாக ஓடவில்லை. யாழ்ப்பாணத்துக்கு விளங்கும். ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் சோமர்செற்றும் கல்யாண ஊர்வலத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய ஊர் இது. பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒருவர் வந்து தன் பெயர் ஒஸ்ரின் சோமர்செற் என்று சொன்னால் எங்கள் மெக்கானிக்மார் முகத்தை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள்.

மார்வினும் பிடிக்கவில்லையா? எல்லாருக்கும் பிடிக்குமே?

மார்வின் பிடிக்கும். கிரகமளவு மூளையை வைத்துக்கொண்டு கதவு திறக்கவும் ஆளைக் கூட்டிக்கொண்டு வரவும் சொல்கிறார்கள் என்று முனகும் ரோபோ. அந்தக் கப்பலின் கதவுகள் திறக்கும்போதெல்லாம் சந்தோஷப் பெருமூச்சு விடும், அதைக் கேட்டு மார்வினுக்கு இன்னும் எரிச்சல் வரும். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் எழுதியதில் இன்றைக்கு இன்னும் கூர்மையாகத் தெரிவது இதுதான். வங்கிக்குப் போன் எடுத்தால் ஒரு இயந்திரம் அன்பாகக் கதைத்து, வேலை மட்டும் ஆகாமல் திருப்பி அனுப்புகிறதே, அந்த அன்பை அடம்ஸ் அப்போதே கண்டிருக்கிறார்.

கப்பலில் கூடவரும் பெண் ட்ரிலியனைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். விண்ணியற்பியல் படித்தவள் என்று சொல்லிவிட்டு, புத்தகம் முழுக்கப் பக்கத்தில் நிற்கவைத்திருக்கிறார்.

ஆங்கிலம் கஷ்டமா?

வசனம் நீளம். ஏ.எல். ஆங்கிலத்தோடு வாசிக்கலாம். கஷ்டம் சொற்களில் இல்லை, பெரிய விஷயத்தைச் சின்னக் குரலில் சொல்கிற அந்த ஆங்கிலேயப் பழக்கத்தில் இருக்கிறது. இரண்டு அத்தியாயத்தில் பழகிவிடும்.

சுஜாதாவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்களா?

தமிழில் வாசித்து வளர்ந்த யாருக்கும் அது தானாக வரும். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாய் கதைப்பதும் சிரிப்புத்தான். ஆனால் ஜீனோவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் கதாநாயகி நிலாவுக்கு இருக்கும், எங்களுக்கும் இருக்கும். சிரிப்பும் பயமும் ஒரே வண்டியில் போகும். சுஜாதாவும் வாராவாரம் தொடராக எழுதியவர்தான், அவசரத்தில் எழுதிய இடங்கள் அவரிடமும் தெரியும். அந்த நாவலின் கதை நடக்கிற காலம் 2021, 2022. அந்த வருடங்களை நாங்கள் கொரோனாவிலும் எரிபொருள் வரிசையிலும் கடத்தினோம், ஜீனோவைக் காணவில்லை என்பது வேறு விஷயம்.

வேறு ஒரு ஒப்பீடு எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. 1956 இலிருந்து இலங்கையில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க்கும் இதே 1979 இல் ஒரு நாவல் வெளியிட்டார், ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’. இலங்கையைத் தப்ரபேன் என்று பெயர் மாற்றி, பூமத்திய ரேகைக்குப் பொருந்துவதற்காக எண்ணூறு கிலோமீற்றர் அளவில் தெற்கே தள்ளிவைத்து, ஒரு மலை உச்சியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிற கதை. ஒரே வருடத்தில் ஒருவர் பூமியிலிருந்து மேலே போகப் பொறுமையாக வழி கட்டுகிறார், மற்றவர் பூமியை முப்பது பக்கத்தில் இடித்துவிடுகிறார். கிளார்க்கிடம் பகிடி குறைவு, பாத்திரங்களும் மரக்கட்டைதான். ஆனால் வாசித்து முடித்தபின் நான் அந்த லிஃப்டை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

படம் பார்க்கலாமா?

2005 இல் வந்தது. பார்க்காவிட்டாலும் பாதகமில்லை. 1981 இல் பிபிசி எடுத்த தொலைக்காட்சித் தொடரில் கையேட்டின் பக்கங்கள் கீறல் படமாக வரும், அது நல்லாயிருக்கும். என்னைக் கேட்டால் வானொலி நாடகத்தைத் தேடிக் கேளுங்கள். சமையல் செய்துகொண்டு கேட்கலாம். நான் புத்தகத்துக்குப் பிறகுதான் கேட்டேன். புத்தகத்தில் வெறுமனே தாண்டிப்போன இடங்களில் அங்கே சிரித்தேன்.

மிச்சப் பாகங்கள்?

அடம்ஸ் எழுதியது மொத்தம் ஐந்து, கடைசி 1992 இல். அவர் இறந்தபிறகு 2009 இல் ஆறாவதை வேறொருவர் எழுதினார். நான் இரண்டாவது பாகம் வரை வாசித்தேன். பிரபஞ்சம் அழிவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் உணவகம் அதில்தான் வருகிறது. வானொலியின் மிச்ச இரண்டு பகுதியும் அதற்குள் இருப்பதால் முதல் பாகத்தைவிட முழுமையாக இருக்கிறது. மூன்றாவதைத் தொடங்கி வைத்துவிட்டேன்.

“ஓ.எல். எழுதிப்போட்டு இருக்கிற மகனுக்கு வாங்கிக் குடுக்கலாமோ?”

தாராளமாக. பதினைந்து பதினாறு வயதுதான் இதற்குச் சரியான வயது. குடிக்கிற காட்சிகள் இருக்கின்றன, அதைவிடப் பயப்பட ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: 42 ஐப் பற்றி முன்கூட்டியே ஒன்றும் சொல்லாதீர்கள், இந்தப் பக்கத்தையும் காட்டாதீர்கள். வாசித்துவிட்டு அவன் ஆகா என்று குதித்தால் குதிக்கட்டும். எங்கள் வட்டத்திலேயே எட்டுப் பேர் குதித்தார்கள், அதில் இரண்டு பேர் என்னைவிட வயதில் மூத்தவர்கள்.